பட்டறையில் செய்த மெஷின் ஸ்கேட் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கமெல்லாம் லேத் (கடைசல் மெஷின்) பட்டறைகள் வீடுகளுக்கு நடுவே சந்துக்குள்தான் இருக்கும். ஹைட்ரா கிரேன் தெருமுனை வரை வந்து மெஷினை இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஷெட்டின் மூலை வரைக்கும் நம் பாடு. முன்பெல்லாம் பைப் உருளை, கடப்பாரை, ஐந்தாறு ஆள் என்று வேலை நடந்தது. இப்போது பழைய இரும்புக் கடையில் சேனல், பிளேட் வாங்கி, மெஷினுக்கு அடியில் கொடுத்து உருட்டிப் போகும் சக்கரத் தட்டை, அதாவது ஸ்கேட்டை, தாங்களே செய்துகொள்பவர்கள் நிறைய. செய்வது பெரிய வித்தை இல்லை. முதல் லேத்தை மேலே ஏற்றிய பிறகுதான் வில்லங்கம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

இங்கே பேசப்போகும் அமைப்பு இது: மூன்று ஸ்கேட். இரண்டு நேராக மட்டும் ஓடுபவை, ஒன்று திரும்புவது. ஒவ்வொன்றிலும் 75 மி.மீ. விட்டத்தில் நான்கு சக்கரம், சக்கரத்துக்கு இரண்டு 6204 பேரிங், 20 மி.மீ. இஎன்8 எஃகு ஆக்சில், இரு பக்கமும் 10 மி.மீ. பிளேட். திரும்பும் ஸ்கேட்டின் மேல்தட்டு 51110 த்ரஸ்ட் பேரிங் (மேலிருந்து அழுத்தும் எடையைத் தாங்கும் பேரிங்) மேல் சுழலும். மெஷினுக்கு அடியில் கொடுக்கக் குறுக்குச் சேனல்கள். தூக்குவதற்கு, தரையோடு தரையாக நாக்கு நீட்டியிருக்கும் ஒரு நாக்கு ஜாக்கி; அதன் உள்ளே இருப்பது சாதாரண பாட்டில் ஜாக்கிதான். ஒன்றரை டன் வரையுள்ள மெஷினுக்கு இது போதும். நம்மூரில் அதிகம் புழங்கும் ஆறடி லேத் சுமாராக ஒரு டன் வரும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். மெஷினில் பெயர்ப்பலகை இருந்தால் அதில் உள்ள எடைதான் கணக்கு.

எந்தக் கோளாறாக இருந்தாலும், மெஷினை ஸ்கேட் மேல் வைத்துக்கொண்டே அடியில் கை விட்டுப் பார்க்க வேண்டாம். இறக்கிக் கட்டை மேல் உட்கார வைத்துவிட்டு அப்புறம் ஸ்கேட்டை வெளியே இழுத்துப் பாருங்கள்.

"தள்ளினால் அசையவே மாட்டேங்குது"

இரும்பு அல்லது கெட்டி நைலான் சக்கரம், சமமான சிமென்ட் தரை என்றால் ஒரு டன் மெஷினை உருட்ட 20 முதல் 30 கிலோ விசை போதும். இரண்டு ஆள் தாராளம். நாலு பேர் தள்ளியும் நகரவில்லை என்றால் பலம் போதவில்லை என்று அர்த்தமில்லை. எங்கோ ஏதோ பிடிக்கிறது.

முதலில் தரையைப் பாருங்கள். சக்கரத்துக்கு முன்னால் ஒரு எம்எஸ் சிப் (சாதா இரும்புச் சீவல்) கிடந்தாலே போதும், 75 மி.மீ. சக்கரம் அதில் ஏறாது. பெரிய சக்கரம் சுலபமாகத் தாண்டும் மேட்டைச் சின்னச் சக்கரம் சுவர் மாதிரி பார்க்கும். துடைப்பம் போட்டுப் பெருக்கிவிட்டு, தள இணைப்பு இடைவெளிகளில் 5 அல்லது 6 மி.மீ. பிளேட் போட்டு ஓட்டுங்கள். பிளேட்டின் விளிம்பைச் சரிவாகக் கிரைண்ட் செய்யாவிட்டால் அதுவே அடுத்த தடையாகிவிடும்.

தரை சுத்தம், இருந்தும் நகரவில்லையா? ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கையால் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றுங்கள். வெறும் கையில் சுற்றுகிற சக்கரம் எடை ஏறியதும் நிற்கிறது என்றால், பக்கப் பிளேட் உள்ளே சாய்ந்து சக்கரத்தின் முகத்தில் உரசுகிறது. உரசிய இடம் பளபளவென்று தெரியும். பேரிங்கின் உள்வளையத்துக்கும் பிளேட்டுக்கும் நடுவே 2 மி.மீ. வாஷர் போட்டால் சரியாகும். வாஷர் உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். சீல் மேல் ஏறி உட்கார்ந்தால் மறுபடியும் பிடிக்கும்.

ரப்பர் சக்கரம் போட்டிருந்தால் வேறு கதை. எடையில் ரப்பர் நசுங்கி, தனக்குத்தானே ஒரு பள்ளம் செய்துகொண்டு உட்கார்ந்துவிடும். ராத்திரி முழுக்க மெஷினை அப்படியே விட்டால் காலையில் சக்கரம் சப்பையாக இருக்கும். டைல்ஸ் உடையுமே என்று ரப்பர் போடுபவர்கள் உண்டு. டைல்ஸுக்கு மேல் 18 மி.மீ. பிளைவுட் விரித்துவிட்டு கெட்டிச் சக்கரத்திலேயே ஓட்டுவதுதான் நல்லது.

"கொஞ்ச தூரம் போனதும் ஒரு பக்கமாக ஒதுங்குது"

பின்னால் இருக்கும் இரண்டு நேர் ஸ்கேட்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. கண்ணால் பார்த்தால் தெரியாத சாய்வுகூட பத்தடி ஓட்டத்தில் நன்றாகத் தெரியும். இரண்டு ஸ்கேட்டின் முன் விளிம்புகளுக்கு நடுவே ஒரு அளவு, பின் விளிம்புகளுக்கு நடுவே ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு மூலைக்கு மூலை அளந்து அதுவும் சமமா என்று பார்க்க வேண்டும். நகரும்போது அளவு மாறாமல் இருக்க, இரண்டு ஸ்கேட்டையும் ஒரு பட்டை அல்லது பைப்பால் போல்ட் போட்டு இணைத்துவிடுங்கள்.

இணைத்தும் ஒதுங்கினால் கோளாறு ஸ்கேட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஒரே ஸ்கேட்டின் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் இணையாக இல்லை. இது பெரும்பாலும் வெல்டிங்கில் வரும். ஒரு பக்கத்தை முழுதாக வெல்ட் அடித்து முடித்துவிட்டு மறுபக்கம் போனால், ஆறும்போது பிளேட் இழுத்துக்கொள்ளும். ஆக்சில் இரண்டையும் ஓட்டையில் கோத்து, நான்கு மூலையிலும் டாக் (பொட்டு வெல்ட்) அடித்து, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக வெல்ட் செய்தால் இழுக்காது. ஏற்கெனவே இழுத்துவிட்டதா? ஒரு ஓட்டையைப் பெரிதாக்கி, சரியான இடத்தில் புஷ் (துளையுள்ள வளையத் துண்டு) வைத்து வெல்ட் செய்யலாம். ஆனால் பேரிங்கைக் கழற்றிய பிறகுதான் வெல்டிங். எர்த் கிளாம்ப் ஒரு பக்கமும் ராடு மறுபக்கமும் இருந்து, கரண்ட் பேரிங் வழியாகப் போனால் குண்டும் பாதையும் பொரிந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கரகரக்கும்.

மூன்று ஸ்கேட்டுக்குப் பதிலாகக் கடையில் விற்கும் சுழலும் காஸ்டர் வீல் நான்கு போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. முன்னே தள்ளிவிட்டுப் பின்னே இழுத்தால் நான்கு சக்கரமும் திரும்பிக்கொள்ளும். அந்த நொடியில் மெஷின் பக்கவாட்டில் ஒரு வெட்டு வெட்டும். சுவரோரம் நிற்பவர் நசுங்குவது அப்படித்தான். சுழலும் சக்கரம் ஒரு முனையில் மட்டும் போதும்.

"மெஷின் ஆடுது, ஒரு சக்கரம் அந்தரத்தில் சுத்துது"

கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து நாலு மூலைக்கு நாலு ஸ்கேட் கொடுத்தவர்களுக்கு வரும் குறை இது. நாலு கால் ஸ்டூல் மேடுபள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. பட்டறைத் தரை எதுவும் சமம் இல்லை. நாலு ஸ்கேட் கொடுத்தால் எந்த நேரத்திலும் மூன்றுதான் எடையைத் தாங்கும், எந்த மூன்று என்பது அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் மெஷின் ஒரு குலுக்குக் குலுக்கும்.

மூன்றாகக் குறைத்துவிடுங்கள். ஆனால் மூன்றை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மெஷினின் எடை மையத்திலிருந்து நேர் கீழே ஒரு குண்டுநூல் விட்டால் அது மூன்று ஸ்கேட்டும் சேர்ந்த முக்கோணத்துக்குள், அதுவும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே விழ வேண்டும்.

லேத்தில் ஹெட்ஸ்டாக் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுற்றும் தலைப்பகுதி), மோட்டார், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே முனையில் இருப்பதால் எடை அங்கேதான். ஆகவே ஹெட்ஸ்டாக் முனையில் குறுக்கே சேனல் கொடுத்து, அதன் இரண்டு நுனியிலும் நேர் ஸ்கேட். எதிரே, டெயில்ஸ்டாக் (வேலைத்துண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) முனையில் நடுவாகத் திரும்பும் ஸ்கேட் ஒன்று. எடை மையம் ஹெட்ஸ்டாக் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது மூன்று ஸ்கேட்டும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு சுமக்கும். ஒரு டன்னுக்குத் தலா 330 கிலோ சொச்சம். குறுக்குச் சேனலில் ஸ்கேட்டுகள் 900 மி.மீ. விலகி இருந்தால், எடை மையம் இருக்கும் இடத்தில் முக்கோணத்தின் அகலம் 600 மி.மீ.தான். லேத்தின் பெட் குறுகல், மோட்டார் பின்பக்கம் தொங்கும். 500 மி.மீ. சேனல் கொடுத்துவிட்டு ஆடுகிறது என்று சொன்னால் அது ஸ்கேட்டின் குற்றமில்லை. வாசல் அகலம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு அகலச் சேனல் கொடுங்கள்.

ஏற்றுவதற்கு முன் மெஷினையும் தயார் செய்ய வேண்டும். லேத்தில் கேரேஜையும் (டூலைப் பிடித்து பெட் மேல் நகரும் பகுதி) டெயில்ஸ்டாக்கையும் டெயில் முனைக்குத் தள்ளிப் பூட்டிவிட்டால் எடை கொஞ்சம் நடுவுக்கு வரும். டரட் மில்லிங் மெஷின் என்றால் ‘நீ’ என்னும், மேசையைத் தாங்கி ஏறியிறங்கும் பகுதியைக் கடைசி வரை இறக்கி, ஹெட்டைத் தாங்கும் ராமை உள்ளே இழுத்து, ஹெட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பூட்டுங்கள். ரேடியல் டிரில்லில் ஆர்மைக் கீழே இறக்கி, பேஸின் நீளத்தை ஒட்டித் திருப்பி லாக் செய்ய வேண்டும். ஆர்ம் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்கும் ரேடியல் டிரில்லை எந்த ஸ்கேட்டும் காப்பாற்றாது.

நகர்த்தும்போது ஒருவர் குரல்தான் கேட்க வேண்டும். "அண்ணா, அக்கட்டால கொஞ்சம் அமுக்குங்கண்ணா" என்று ஒருவரும், "தம்பி, இக்கட்டால இழு" என்று இன்னொருவரும் கத்தினால் மெஷின் யார் பேச்சையும் கேட்காது.

"குறுக்குச் சேனல் வளைஞ்சிருச்சு"

பெரும்பாலும் சேனல் சின்னது என்பதால் வளைவதில்லை, படுக்க வைத்ததால் வளைகிறது. உயரம் குறையட்டும் என்று சேனலைப் படுக்கைவாட்டில் போடுவார்கள். மேலே சொன்ன லேத்தில் ஹெட்ஸ்டாக் முனைக்கு 670 கிலோ வருகிறது, சேனலின் இடைவெளி 90 செ.மீ. எடை நடுவில் குவிந்தால் வளைக்கும் திருப்புவிசை 670 × 90 ÷ 4, அதாவது சுமார் 15,000 கிலோ-செ.மீ. இதைச் சேனலின் செக்‌ஷன் மாடுலஸால் (வளையாமல் எதிர்க்கும் திறனைக் காட்டும் எண்) வகுத்தால் இரும்பில் ஏறும் அழுத்தம் கிடைக்கும்.

75 மி.மீ. சேனலை நிறுத்தி வைத்தால் மாடுலஸ் சுமார் 20 கன செ.மீ. அழுத்தம் சதுர செ.மீ.க்கு 750 கிலோ. பயமில்லை. 100 மி.மீ. சேனலையே படுக்க வைத்தால் மாடுலஸ் 7.5தான்; அழுத்தம் 2000. சாதா எம்எஸ் இரும்பு 2500 வாக்கில் நிரந்தரமாக வளைந்துவிடும். வேலைக்கு 1650-ஐத் தாண்டக் கூடாது என்பது பழைய கணக்கு. ஆக, படுத்த 100-ஐ விட நின்ற 75 மேல். 50 × 6 ஆங்கிள் போட்டிருந்தால் அழுத்தம் 4000-ஐத் தாண்டும், அது வளைந்ததில் ஆச்சரியமே இல்லை.

நிறுத்தி வைத்த ஒற்றைச் சேனல் பக்கவாட்டில் புரளும். அதனால் இரண்டு சேனலை எதிரெதிரே சேர்த்துப் பெட்டி மாதிரி வெல்ட் செய்து போடுங்கள். வளைந்த சேனலை நிமிர்த்தித் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். கேட்டுக்கோ ஸ்டாண்டுக்கோ உதவும்.

"நாக்கு ஜாக்கி வழுக்குது, இறங்கும்போது மாட்டிக்கிட்டுத் திடீர்னு விழுது"

வழுக்குவது எண்ணெய். லேத் பட்டறை மெஷினில் கூலன்ட்டும் ஆயிலும் ஊறாத அடிப்பாகம் கிடையாது. நாக்கு படும் இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, நடுவே பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று கொடுங்கள். இரும்பின் மேல் இரும்பு வேண்டவே வேண்டாம். எங்கே நாக்கைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்: பெட் காஸ்டிங், காலின் அடி விளிம்பு இவைதான் இடம். சிப் டிரே, லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு பக்கம் போகாதீர்கள். வார்ப்பிரும்பு விளிம்பு மெல்லியதாக இருந்தால் நுனியில் கொடுத்தால் துண்டாகப் பெயர்ந்து வரும்.

மாட்டிக்கொண்டு பிறகு விழுவது இதைவிட ஆபத்தான குறை. எடை நாக்கின் நுனியில், தள்ளுவது ஜாக்கியின் நடுவில். ஆகவே நாக்கு ஏறியிறங்கும் சட்டம் சாய்ந்து வழிகாட்டியில் கடித்துக்கொள்ளும். வால்வைத் திறந்தாலும் இறங்காது. இன்னும் திறப்போம். ஜாக்கியின் தண்டு கீழே போயிருக்கும், நாக்கு மட்டும் மேலேயே தொங்கும். யாராவது லேசாகத் தட்டினால் மொத்தமும் ஒரே வீச்சில் கீழே வரும். நாக்கின் நீட்டம் 60 மி.மீ. என்றால் வழிகாட்டி சட்டத்தைப் பிடிக்கும் நீளம் குறைந்தது 120 மி.மீ. இருக்கட்டும். உரசும் முகங்களை மட்டமாக ஃபைல் செய்து கிரீஸ் தடவுங்கள். பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பெயின்ட் அடித்த அன்றுதான் பல ஜாக்கிகளில் இந்தக் குறை ஆரம்பிக்கிறது.

"ஜாக்கி தூக்கினபடி நிக்காம மெல்ல இறங்குது"

வெளியே எண்ணெய்க் கசிவு தெரிந்தால் தண்டின் சீல் போய்விட்டது. வெளியே ஒன்றும் இல்லை, ஆனால் இறங்குகிறது என்றால் ரிலீஸ் வால்வின் குண்டுக்கு அடியில் தூசு. வால்வை முழுதாகத் திறந்து, கையால் தண்டை அழுத்தி இறக்கி, சில தடவை பம்ப் அடித்து மூடிப் பாருங்கள். பம்ப் அடிக்கும்போது பஞ்சு போல மெத்தென்று இருந்தால் உள்ளே காற்று. இதே வழியில் அதுவும் போய்விடும். எண்ணெய் மட்டத்தைத் தண்டு முழுதாக இறங்கியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். ஊற்றுவது ஹைட்ராலிக் ஆயில். கையில் கிடைத்தது என்று பிரேக் ஆயிலை ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுப்போகும்.

நிமிர்த்தினால் வேலை செய்கிறது, படுக்க வைத்துத் தள்ளினால் பம்ப் ஏறவில்லை என்பவர்கள், பம்ப் இருக்கும் பக்கம் கீழே வருமாறு படுக்க வையுங்கள். பம்புக்கு எண்ணெய் எட்டவில்லை, அவ்வளவுதான்.

ஜாக்கி நல்ல நிலையில் இருந்தாலும் அதை நம்பி நிறுத்தாதீர்கள். பத்து மி.மீ. தூக்கினால் பத்து மி.மீ. கட்டை உள்ளே போக வேண்டும். கட்டையைக் கையால் திணிக்காமல் இன்னொரு கட்டையால் தள்ளுங்கள்.

"சக்கரத்தில் கரகரன்னு சத்தம்"

6204 ஒன்றே அசையாமல் நிற்கும்போது 600 கிலோவுக்கு மேல் தாங்கும். சக்கரத்துக்கு இரண்டு போட்டிருக்கிறோம். எனவே எடையால் பேரிங் போவது அபூர்வம். சிப்பும் கிரைண்டிங் தூசியும் உள்ளே போயிருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகைக்கு மாற்றுங்கள்.

செலவைக் குறைக்க பேரிங்கையே சக்கரமாக விட்டிருந்தால் கரகரப்பு வெறும் ஆரம்பம்தான். சாதா பேரிங்கின் வெளிவளையம், சுற்றிலும் ஹவுசிங் இறுக்கிப் பிடிக்கும் என்ற கணக்கில் செய்தது. அதை நேராகத் தரையில் ஓட்டினால், ஒரு கல்லில் ஏறும்போது வளையம் விரிசல் விடும். பழைய பேரிங் சும்மா கிடக்கிறது என்று மனசு இழுக்கும்தான், கிடக்கட்டும்.

"வெல்டிங்கில் மயிரிழை விரிசல்"

துரு, பெயின்ட், ஆயில் மேல் அடித்த வெல்ட் இது. விரிசல் மேலேயே இன்னொரு கோட் அடிக்காதீர்கள். கிரைண்டரால் அடி வரை தோண்டி, பளிச்சென்ற இரும்பு தெரிந்த பிறகு, 10 மி.மீ. பிளேட்டுக்கு 3.15 மி.மீ. வெல்டிங் ராடில் இரண்டு மூன்று அடுக்காக அடியுங்கள். ராடு ஈரமில்லாமல் இருக்கட்டும்.

"டெம்போவிலிருந்து இறக்கும்போது சரிவில் பிடிக்க முடியல"

பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவிலேயே ஒரு டன் மெஷின் 100 கிலோ விசையோடு கீழே இழுக்கும். சக்கரத்தின் தடை அதில் 20, 30 கிலோவைக் கழித்தாலும் மிச்சம் 70. தள்ளுவதற்கு நல்ல ஸ்கேட் என்று எதைப் பாராட்டினோமோ, அதுவே இங்கே எதிரி. குட்டி யானை என்னும் சின்ன டெம்போவின் தட்டிலிருந்து பலகை வைத்து இறக்குவது போன்ற செங்குத்துச் சரிவில் ஸ்கேட்டே வேண்டாம். பைப் உருளைகூட வேண்டாம். கிரேனைக் கூப்பிடுங்கள், அல்லது தரையோடு இறங்கும் வண்டியை எடுங்கள்.

மெல்லிய சரிவு என்றால், மேலே அசையாத ஒன்றில் செயின் பிளாக்கைக் கட்டி மெஷினைப் பின்னாலிருந்து பிடித்தபடி கண்ணி கண்ணியாக விடுங்கள். கேட் தூண் அசையாத ஒன்று இல்லை. மெஷினுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. கட்டையை முன்னால் வீசுகிறேன் என்று நிற்பவரும்தான்.

"கொண்டுபோய் வச்ச பிறகு லேத்தில் டேப்பர் விழுது"

டேப்பர் என்றால், கடையும் ராடு ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் வருவது. நகர்த்தும்போது லேத் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முதலில் பயப்படுவது இதற்குத்தான். கெட்டிருக்காது. பெட் முறுக்கிக்கொண்டிருக்கும். புதுத் தரையில் நாலு காலும் ஒரே மட்டத்தில் உட்காரவில்லை. மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவலைப் பெட்டின் குறுக்கே ஹெட்ஸ்டாக் பக்கமும் டெயில்ஸ்டாக் பக்கமும் வையுங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்கும்வரை லெவலிங் போல்டைத் திருப்புங்கள். அப்புறம் சக்கில் ஒரு தடித்த ராடைப் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல், இரண்டு முனையிலும் மெல்லிய கட் எடுத்து மைக்ரோமீட்டரில் பாருங்கள்.

சரி செய்து ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள். எடையில் காலுக்கடியில் கொடுத்த பேக்கிங் கொஞ்சம் அமுங்கியிருக்கும், இன்னொரு தடவை திருப்ப வேண்டியிருக்கும். பல்லடம், சூலூர்ப் பக்கம் கரிசல் மண் மேல் தளம் போட்ட ஷெட் என்றால் மழைக்கு மண் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அங்கே ஐப்பசியில் வைத்த லெவல் சித்திரையில் இருக்காது. அப்படி எப்போதும் மாறிக்கொண்டே இருந்தால் லெவலிங் போல்டை விட்டுவிட்டு, அந்த இடத்தில் தளத்தை வெட்டி, லேத்துக்கென்று தனியாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் படுகை போடுவதுதான் வழி. போடும்போது ஸ்கேட் உள்ளே போய் வெளியே வருவதற்கு இடம் விட்டுப் போடுங்கள்.